பில் எவன்ஸ் சவுண்டு வேணும்னு ஆறு மாசம் நோண்டினேன்: பியானோடெக் ஸ்டாண்டர்ட் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், நான் மியூசிக்க தொழிலா பண்ற ஆளு கிடையாது. பகல்ல ஐடி வேலை, ராத்திரி பத்தரைக்கு மேல ஹெட்போன மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் வாசிப்பேன், அவ்ளோதான். சின்ன வயசுல சர்ச் குவாயருக்கு கீபோர்டு வாசிச்ச கை இது. அந்தக் கீபோர்டுல டச் ரெஸ்பான்ஸ்லாம் கிடையாது, தொட்டாலும் அதே சத்தம் குத்துனாலும் அதே சத்தம், அதோட மொத்த சபையும் பாட்ட இழுக்க ஆரம்பிச்சா தாளத்துக்குள்ள வச்சிருக்க நாமதான் ஓங்கி அடிக்கணும், அதனால எல்லா விரலும் ஒரே கனத்துல விழுந்துதான் பழக்கம். இத ஏன் சொல்றேன்னா கடைசில பாத்தா பிரச்சனையே அங்கதான் இருந்துச்சு, அத கண்டுபிடிக்க ஆறு மாசமும் பியானோடெக்னு ஒரு பியானோ சாஃப்ட்வேர் வாங்கின காசும் ஆச்சு.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு சவுண்டு. பில் எவன்ஸ்னு ஒரு அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர், 1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை, நியூயார்க் க்ரீனிச் வில்லேஜ்ல வில்லேஜ் வேன்கார்டுன்னு ஒரு பேஸ்மென்ட் கிளப். மதியம் ரெண்டு செட்டு, ராத்திரி மூணு செட்டு, பேஸ்ல ஸ்காட் லஃபாரோ, ட்ரம்ஸ்ல பால் மோஷன். 11 நாள் கழிச்சு லஃபாரோ கார் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு, வயசு 25தான். அந்த ரெக்கார்டிங்க கேட்டவங்களுக்குத் தெரியும், கிளாஸ் உரசற சத்தம், யாரோ பேசிக்கிட்டே இருக்கறது எல்லாம் உள்ள இருக்கும், அன்னைக்கு மொத டேக்குல நடுவுல கரண்ட் பிரச்சனையாகி டேப்ல ஒரு இடத்துல சத்தமே விழுந்துடும் (நியூயார்க்லயும் நம்ம ஈபி இருந்திருக்கு போல). அதுல பியானோ எப்படின்னா, ஈரத்துணில சுத்தின மணி மாதிரி. மணிதான், ஆனா எங்கயும் குத்தாது. மேல ஒரு நோட்டு மட்டும் தனியா மிதக்கும், அதுக்கு அடியில மத்த நோட்டெல்லாம் பின்னாடி ரூம்ல இருக்கற மாதிரி இருக்கும்.

வீட்ல இருக்கறது 88 கீ டிஜிட்டல் பியானோ, அஞ்சு வருஷம் பழசு, கம்பெனி பேரு வேண்டாம், இந்த ரேஞ்சுல எல்லாமே கிட்டத்தட்ட இப்படித்தான். ஜாஸ்னு பேர் போட்ட ஒரு டோனும் இருக்கு. அத போட்டு வாசிச்சா ஹோட்டல் லாபி மாதிரி இருக்கு. ஜாஸ்னு பேர் வச்சவங்க என்ன நெனச்சிருக்காங்கன்னா, பேண்டுக்கு நடுவுல கேக்கணும், அதனால பளிச்சுனு இருக்கணும்னு. சரின்னு கிராண்ட் டோனுக்கு வந்து பிரைட்னஸ கொறச்சேன். கம்பளிய போத்திவிட்ட மாதிரி ஆச்சு, மணியும் போச்சு ஈரமும் போச்சு. மறுபடி ஏத்தினா காது கூசுது. இப்படி ஒரு ரெண்டு மாசம் மைனஸ் ரெண்டா மைனஸ் மூணான்னு உக்காந்திருந்தேன், வீட்டுக்காரம்மா ஒரு நாள் வந்து "என்னங்க, வாசிக்கவே மாட்டீங்களா, பட்டனையே அமுக்கிட்டு இருக்கீங்க"ன்னு கேட்டுட்டா.

ஏன் அப்படி ஆகுதுன்னு எனக்குப் புரிய வச்சது ஒரு பியானோ டியூனர் அண்ணன். எங்க பழைய சர்ச்சுல இருக்கற அப்ரைட்ட ரெடி பண்ண வந்தப்ப பக்கத்துல உக்காந்து பாத்தேன். கையில ஒரு சின்ன பிடி, அதுல மூணு ஊசி, அத வச்சு ஹாமர் (கீய அமுக்கினா உள்ள கம்பிய அடிக்கற குட்டி சுத்தியல்) மேல இருக்கற ஃபெல்ட்ட, அதாவது கம்பளிய, குத்திக்கிட்டே இருந்தாரு. என்னண்ணே பண்றீங்கன்னா, "அடிச்சு அடிச்சு கல்லாயிடுச்சு தம்பி, அத மறுபடி பஞ்சாக்கறேன்"னாரு. விஷயம் அவ்ளோதான். பியானோ ஹாமர் ஃபெல்ட்டு மெல்ல பட்டா மெத்துன்னு இருக்கும், கம்பில இருந்து மேல் ஸ்தாயி ஓவர்டோன் (நோட்டோட கூடவே மெல்லிசா ஒலிக்கற மேல் சுருதிங்க) அதிகம் கிளம்பாது. ஓங்கி அடிச்சா அதே ஃபெல்ட்டு அமுங்கி கெட்டியாயிடும், ஓவர்டோன் எல்லாம் சீறிட்டு வரும். அதாவது பியானோல மெல்ல அடிக்கறதும் வேகமா அடிக்கறதும் ஒரே சத்தம் சின்னதும் பெருசும் கிடையாது, ரெண்டும் வேற வேற சத்தம். நம்ம பிரைட்னஸ் பட்டன் என்ன பண்ணுதுன்னா மெல்ல அடிச்ச நோட்டு, ஓங்கி அடிச்ச நோட்டு எல்லாத்துக்கும் சேத்து மேல் பக்கத்த ஒரே மாதிரி சீவிடுது. எவன்ஸ்கிட்ட நடக்கறது அது இல்ல, மேல் விரல் மட்டும் மணி, மத்த விரல் எல்லாம் பஞ்சு.

அப்பதான் பியானோடெக் பக்கம் போனேன். தெரியாதவங்களுக்கு, இது பிரான்ஸ்ல துலூஸ்ல இருக்கற மோடார்ட்டுன்னு ஒரு கம்பெனி பண்றது, 2006ல மொத வெர்ஷன் வந்துச்சு. மத்த பியானோ சாஃப்ட்வேர்லாம் நிஜ பியானோவ நோட்டு நோட்டா ரெக்கார்டு பண்ணி பத்து இருபது ஜிபின்னு டிஸ்க்க அடைச்சிக்கும். இதுல ரெக்கார்டிங்கே கிடையாது, கம்பி எப்படி ஆடும், ஹாமர் எப்படி படும், பலகை எப்படி அதிரும்னு கணக்கு போட்டு அந்த நிமிஷத்துல சத்தத்த உண்டாக்குது. மொத்தமே சுமார் 50 எம்பிதான். நம்ம போன்ல ஃபேமிலி குரூப்ல வர குட்மார்னிங் வீடியோ பத்து சேத்தா அத தாண்டிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும், ராஸ்ப்பெரி பைல ஓட்றவங்ககூட இருக்காங்க. என் ஆறு வருஷ பழைய லேப்டாப்ல தாராளமா ஓடுது.

கனெக்சன் சிம்பிள். டிஜிட்டல் பியானோ பின்னாடி யூஎஸ்பி இருக்கும், நம்ம பிரிண்டர் கேபிள்தான் அது. செருகிட்டு பியானோல லோக்கல் கண்ட்ரோல ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா பியானோ சத்தமும் லேப்டாப் சத்தமும் சேந்து ரெட்டையா கேக்கும். நான் மொத நாள் அத பண்ணாம "ஆஹா என்ன ரிச்சா இருக்கு"ன்னு ஒரு மணி நேரம் வாசிச்சேன், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. விண்டோஸ்னா சாதாரண சவுண்டு டிரைவர்ல வாசிக்காதீங்க, கீய அமுக்கி காபி ஒரு வாய் குடிச்சப்பறம் சத்தம் வரும். ஏசியோன்னு தாமதத்த கொறைக்கற டிரைவர் போட்டு, பஃபர (சத்தத்த சேத்து வச்சு அனுப்பற அளவு) 128 சாம்பிள்ல வச்சா 48000 ரேட்டுக்கு அதனால வர தாமதம் மூணு மில்லிசெகண்டுக்கும் கம்மி, கைக்கு தெரியாது. கரகரன்னா 256க்கு ஏத்திக்கோங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். மூணு எடிஷன் இருக்கு, ஸ்டேஜ், ஸ்டாண்டர்ட், ப்ரோ. ஸ்டேஜ்ல இருக்கற பிரிசெட்ட (கம்பெனி ரெடியா வச்ச செட்டிங்) வாசிக்கலாம், மேலோட்டமா சிலத மாத்தலாம், ஹாமருக்குள்ள எல்லாம் போக முடியாது. நம்ம வேலைக்கு அது பத்தாது. ஸ்டாண்டர்ட்லதான் ஹாமர் ஹார்ட்னஸ்னு மூணு ஸ்லைடர் தனித்தனியா வருது, மெல்ல வாசிச்சா எவ்ளோ கெட்டி, நடுத்தரமா வாசிச்சா எவ்ளோ, ஓங்கினா எவ்ளோன்னு. இதுக்குத்தான் நான் காசு குடுத்தேன்னு சொல்லலாம். டியூனர் அண்ணன் கையில இருந்த ஊசி பிடி இதுதான். நான் என்ன பண்ணேன்னா மெல்லுக்கும் நடுவுக்கும் நல்லா எறக்கிட்டு, ஓங்கறத மட்டும் கம்பெனி வச்ச இடத்துலயே விட்டுட்டேன். உடனே வித்தியாசம் தெரிஞ்சுது. நடுவுல இருக்கற நோட்டெல்லாம் பஞ்சுக்குள்ள போச்சு, ஆனா மேல சுண்டு விரல் பக்கம் கொஞ்சம் அழுத்தினா மணி வருது.

வருதுன்னு சொன்னேன்ல, எனக்கு வரல. அதாவது பத்து தடவைக்கு ஒரு தடவை வருது. இங்கதான் அந்த சர்ச் கை வந்து மாட்டுச்சு. நான் வாசிச்சத மிடில (சத்தத்த இல்லாம, எந்த கீய எப்படி அடிச்சோம்னு மட்டும் எழுதி வைக்கறது) ரெக்கார்டு பண்ணி பாத்தேன், ஒவ்வொரு நோட்டும் எவ்ளோ வேகத்துல அடிச்சோம்னு 1ல இருந்து 127 வரைக்கும் நம்பர் வரும். சாதாரண டி மைனர் செவன்த்து கார்டு (சேத்து அடிக்கற நோட்டுங்க), இடது கைல எஃப், ஏ, சி, ஈ. நாலு நோட்டும் 84, 86, 83, 87. வலது கை மெலடி 88. இப்படி அடிச்சா எந்த பியானோ வச்சாலும், ஏன் அந்த வேன்கார்டு பியானோவையே ஃபிளைட்ல கொண்டு வந்து எங்க வீட்டு ஹால்ல எறக்கினாலும், ஹோட்டல் லாபி சத்தம்தான் வரும்.

ஏன் எல்லாம் எண்பதுக்கு மேலயே விழுதுன்னு யோசிச்சா, காரணம் ரொம்ப கேவலமான காரணம். ராத்திரி வாசிக்கறோம்னு வால்யூம கால்வாசில வச்சிருக்கேன். சத்தம் கம்மியா கேக்கறதனால கை தன்னால ஓங்குது. ஓங்கினா ஹாமர் கெட்டி, அதனால சத்தம் சின்னதா இருக்கு ஆனா பிரைட்டா இருக்கு. அது காத குத்துதுன்னு பிரைட்னஸ கொறைக்கறேன், அப்ப மங்குது, மங்குதுன்னு இன்னும் ஓங்கறேன். ரெண்டு மாசம் சுத்தின சுத்து இதுதான். டிஜிட்டல் பியானோ வச்சிருக்கற முக்கால்வாசி பேர் வீட்ல இதுதான் நடக்குதுன்னு நெனைக்கறேன், நிஜ பியானோல வால்யூம் பட்டன் கிடையாது, அதனால இந்தப் பிரச்சனையும் கிடையாது.

வால்யூம முக்காலுக்கு மேல ஏத்திட்டு (ஹெட்போன்ல, காத பாத்துக்கோங்க, ஏத்தினப்பறம் ஓங்கினா செவுள்ல அறைஞ்ச மாதிரி இருக்கும், அந்த பயமே நல்ல வாத்தியார்) கை தன்னால பம்ம ஆரம்பிச்சுது. அதுக்கு மேல பியானோடெக்ல வெலாசிட்டி கர்வுன்னு ஒரு கோடு இருக்கு, அத நடுவுல கொஞ்சம் கீழ இழுத்து தொங்க விட்டேன். அப்ப நான் 85ல அடிச்சாலும் அது 60ன்னு எடுத்துக்கும், அத விட அழுத்தினாத்தான் மணி. கீபோர்டு காலிபரேஷன்னு ஒண்ணும் இருக்கு, மெல்ல வாசி, நடுவுல வாசி, ஓங்கி வாசின்னு கேட்டு அதுவே கர்வ் போட்டுக் குடுக்கும், அத மொதல்ல பண்ணிட்டு அப்பறம் கையால தொட்டா நல்லது. டிஜிட்டல் பியானோலயே டச் ஹெவின்னு இருக்குமே, அதுவும் இதேதான், பியானோடெக் வாங்காதவங்க அத போட்டுட்டு வால்யூம ஏத்துங்க, ஒரு பைசா செலவில்லாம பாதி தூரம் வந்துடலாம். இத நான் ரிவ்யூ தலைப்புலயே போட்டிருக்கணும், ஆனா அப்பறம் யாரு படிப்பா.

அடுத்து ஸ்டீரியோ. டிஜிட்டல் பியானோ எல்லாத்துலயும், நீங்க வாசிக்கற எடத்துல உக்காந்து கேக்கற மாதிரி கீழ் நோட்டு இடது காதுல, மேல் நோட்டு வலது காதுல வரும். வாசிக்க சொகமா இருக்கும். ஆனா அந்தக் காலத்து ஜாஸ் ரெக்கார்டிங்ல பியானோ இப்படி ஒரு காதுல இருந்து மறு காது வரைக்கும் படுத்திருக்காது, ஒரு எடத்துல சம்மணம் போட்டு உக்காந்திருக்கும், மத்த எடத்துல பேஸும் ட்ரம்ஸும். பியானோடெக்ல அவுட்புட்ல மோனோன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. போட்ட உடனே "அட"ன்னு இருந்துச்சு. ரெண்டு நாள் வாசிச்சா தலைக்குள்ள நடுவுல ஒரு ஆணி அடிச்ச மாதிரி அலுத்துடுது, அதனால நான் மைக் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நகத்தி வச்சு பாதி மோனோ பாதி ஸ்டீரியோவா வச்சிருக்கேன். மைக்க திரையில எலிய வச்சு இழுத்து பியானோவ சுத்தி எங்க வேணா வைக்கலாம், இந்த ஒரு விளையாட்டுலயே ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும்.

ரிவெர்ப, அதாவது ஹால் எதிரொலி எஃபெக்ட்ட, சுத்தமா ஆஃப் பண்ணுங்க. கம்பெனி எப்பவும் ஆன்லதான் குடுக்கும், கேட்டவுடனே கச்சேரி ஹால் மாதிரி இருந்தாத்தான் கடையில விக்கும். வேன்கார்டு ஒரு பேஸ்மென்ட், கூரை தாழ்வு, ஆளுங்க நெருக்கியடிச்சு உக்காந்திருப்பாங்க, அங்க எங்க எதிரொலி. ஆஃப் பண்ணா மொதல்ல மொட்டையா இருக்கும், பெடல் தப்பெல்லாம் அம்மணமா தெரியும். நாலு நாள் தாக்குப்பிடிச்சிட்டு அப்பறம் ரொம்ப சின்ன ரூம் ஒண்ணு மட்டும் லேசா. மூடியையும் பாதி மூடினேன், லிட் பொசிஷன்னு ஒரு ஸ்லைடர்.

பெடல் பத்தி ஒரு சோகக் கதை. ஆன்லைன்ல ஒரு கடையில சஸ்டெயின் பெடல் வாங்கினேன், அமுக்கினா சத்தம் நிக்குது, விட்டா நீளுது. போலாரிட்டி தலைகீழ். அடியில சுவிட்சு இருக்கற மாடல்னு போட்டிருந்தாங்க, வந்ததுல சுவிட்ச காணோம். திருப்பி எடுக்க மூணு வாரம் ஆச்சு, அது தனி புராணம். நான் சொல்ல வந்தது, ஜாஸுக்கு ஆன் ஆஃப் பெடல் பத்தாது. பாதி அமுக்கினா பாதி நீளணும், 0ல இருந்து 127 வரைக்கும் படிப்படியா அனுப்பற கண்டினியூஸ் பெடல் வேணும். எவன்ஸ் மாதிரி ஒரு கார்டுல இருந்து இன்னொரு கார்டுக்கு வழுக்கிட்டு போறதுக்கு பாதி பெடல்தான் எண்ணெய். உங்க பியானோவும் அத புரிஞ்சுக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க.

டியூனிங் பக்கம் ரொம்ப ரசிச்சு நோண்டினேன். நிஜ பியானோல நடுவுக்கு மேல ஒரு நோட்டுக்கு மூணு கம்பி. மூணும் துல்லியமா ஒரே சுருதில இருந்தா சத்தம் வழவழன்னு பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், மயிரிழை விலகினா உள்ள ஒரு அசைவு வரும், அதுதான் உயிரு. பியானோடெக்ல யூனிசன் விட்த்னு இருக்கறது அதுதான். 1ல இருந்தத 1.4க்கு ஏத்தினேன், போன வாரம் டியூன் பண்ணின பியானோ நேத்து ராத்திரி ரெண்டு செட்டு அடி வாங்கின மாதிரி ஆச்சு. 2க்கு மேல போனா கவ்பாய் படத்து சாராயக்கடை. கம்பி நீளத்தயும் கொறைக்கலாம். ஸ்டெயின்வே கம்பெனியோட பெரிய கச்சேரி பியானோ டி மாடல் 274 சென்டிமீட்டர், பி மாடல் 211. கம்பி குட்டையாச்சுன்னா அதே சுருதிக்கு தடிமனா, விறைப்பா இருக்கணும், விறைச்ச கம்பில ஓவர்டோன் எல்லாம் இருக்க வேண்டிய எடத்த விட லேசா மேல ஏறி நிக்கும், அதனாலதான் சின்ன பியானோ அடிபாகத்துல கொஞ்சம் தகர வாசனை. எவன்ஸுக்கு கீழ் ஆக்டேவ் பெருசா தேவையே இல்ல, இடது கைல ரூட் நோட்ட (கார்டுக்கு பேர் குடுக்கற அடி நோட்டு) விட்டுட்டு பேஸ்காரருக்கு குடுத்துடுவாரு, மேல சொன்ன எஃப் ஏ சி ஈ அப்படித்தான், டி மைனர்ல டியே கிடையாது. அதனால உங்க பியானோ ரிவ்யூல எல்லாரும் கீழ் நோட்டு என்னா அதிருது பாருங்கறாங்களே, அது இந்த வேலைக்கு ஒத்த பைசா பிரயோஜனம் இல்ல. மிடில் சிக்கு ரெண்டு பக்கமும் ஒரு ஆக்டேவ், அங்க எப்படி இருக்குன்னு கேளுங்க.

கண்டிஷன்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, புது பியானோல இருந்து குப்பைல போட வேண்டிய பியானோ வரைக்கும். கால்வாசி கூட வேண்டாம், ஒரு சிட்டிகை. இத தள்ளும்போதெல்லாம் எனக்கு கீத் ஜாரெட்னு இன்னொரு ஜாஸ் பியானோக்காரர் ஞாபகம்தான் வரும். 1975 ஜனவரி 24, ஜெர்மனி கோல்ன்ல கச்சேரி, கேட்டது ஒரு பெரிய போசன்டார்ஃபர் கிராண்ட் பியானோ, மேடைல இருந்தது ஒரு சின்ன பியானோ, மேல் நோட்டெல்லாம் தகரம், கீழ கனமே இல்ல, பெடல் ஒழுங்கா வேலை செய்யல. மனுஷன் நடுப்பகுதிலயே சுத்தி சுத்தி, இடது கைல ஒரே உருட்ட திரும்பத் திரும்ப உருட்டி வாசிச்சு அது உலகம் பூரா வித்துச்சு. அப்ப அந்த சவுண்டுக்கான புகழ்ல பாதி அந்த ஓட்ட பியானோக்குத்தான் போகணும், நாம இங்க காசு குடுத்து ஸ்லைடர்ல ஓட்டைய வாங்கறோம்.

மத்த ஆளுங்க சவுண்டையும் ட்ரை பண்ணேன். தெலோனியஸ் மங்க்னு ஒரு ஜாஸ் பியானோக்காரர், அவரு சுலபம்னு சொல்ல மாட்டேன் ஆனா செட்டிங் சுலபம், எவன்ஸுக்கு பண்ணதுக்கு எல்லாம் எதிர், ஹாமர் மூணும் கெட்டி, கர்வ் நேர்கோடு, ஒட்டின ரெண்டு நோட்ட சேத்து அடிச்சா கிளாங்னு வரணும். கையதான் யாரும் விக்கறதில்ல. அம்பதுகள்ல ரூடி வான் கெல்டர் எடுத்த ரெக்கார்டிங் மாதிரி வேணும்னா (பகல்ல கண் டாக்டர் மாதிரி கண்ணாடிக்கு பவர் பாக்கற வேலை, சாயங்காலம் நியூ ஜெர்சில அப்பா அம்மா வீட்டு ஹால்ல ரெக்கார்டிங், இப்படி ஒரு ஆளு) ஈக்யூல (கீழ், நடு, மேல் சத்தத்த தனித்தனியா ஏத்தி எறக்கறது) கீழ 100 ஹெர்ட்ஸ்க்கு அடியில வெட்டிட்டு, மேல 7000, 8000ல இருந்து சரிச்சிட்டு, நடுவ கொஞ்சம் தூக்கிட்டு, கம்ப்ரஸர் (பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் இருக்கற வித்தியாசத்த கொறைக்கறது) கொஞ்சம் போட்டா பெட்டிக்குள்ள இருந்து வர மாதிரி ஒரு சத்தம் வரும், அது அந்தக் காலத்து வாசனை. நிறைய பேருக்கு அது பிடிக்காது, எனக்கு மழை நாள்ல பிடிக்கும்.

கொறைன்னு பாத்தா, கடைசி ஒண்ணரை ஆக்டேவ் மேல் நோட்டு எனக்கு இன்னும் முழுசா ஒத்துவரல. மர டக் சத்தம் இருக்கு, அதுக்கப்பறம் வர வேண்டிய மினுக்கு கொஞ்சம் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. நிஜ பியானோவ ரெக்கார்டு பண்ணி விக்கறவங்க சாம்பிள்ல அந்த எடம் நல்லாருக்கும், ஆனா அதுல ஹாமர நோண்ட முடியாது, ரெக்கார்டு பண்ணவன் என்ன மூடுல இருந்தானோ அதுதான். ரெண்டாவது, ஸ்லைடர் ரொம்ப அதிகம். வாசிக்க உக்காந்து நோண்டிட்டு எழுந்திரிச்ச ராத்திரி நிறைய. மூணாவது விலை, யூரோல போட்டிருக்கான், நம்ம கார்டுக்காரன் மேல மார்க்கப் போடுவான், அதோட வாங்கும்போது சில பியானோ பேக்தான் கூட வரும், எல்லா பியானோவும் வேணும்னா தனித்தனி காசு. ப்ரோ வேண்டாம், அது ஒவ்வொரு நோட்டுக்கும் தனியா நோண்ட, என்ன மாதிரி ஆளுக்கு குடுத்தா வேலைய விட்டுடுவேன்.

எங்க கீழ் வீட்டு ஆன்ட்டி கதையையும் சொல்லணும். ஹெட்போன் போட்டா யாருக்கும் கேக்காதுன்னு நாம நெனைக்கறோம், ஆனா கீ அடில படற சத்தம் ஸ்டாண்டு கால் வழியா தரைல இறங்கி கீழ போகுது. ஒரு நாள் லிஃப்ட்ல "ஏம்ப்பா, ராத்திரி பதினோரு மணிக்கு அம்மில என்னப்பா இடிக்கறீங்க"ன்னாங்க. ரப்பர் மேட் வாங்கி போட்டேன், கொஞ்சம் கொறஞ்சுது. ஆனா நிஜமா கொறஞ்சது வால்யூம ஏத்தி கைய எறக்கினப்பறம்தான். இப்ப மறுபடி மிடி ரெக்கார்டு பண்ணி பாத்தா அதே டி மைனர் செவன்த்து இடது கை 41, 38, 44, 46ன்னு வருது, மேல மெலடி 70 பக்கம். எவன்ஸ் இல்ல. ஆனா அந்த ஈரத்துணி மணி ஒரு பாட்டுல நாலஞ்சு எடத்துல வருது, ஹெட்போன கழட்டாம அந்த எடத்தயே திரும்பத் திரும்ப வாசிக்கறேன்.

வாங்கலாமா வேண்டாமான்னு கேட்டா, மொதல்ல உங்க பியானோலயே டச் ஹெவி, ரிவெர்ப் ஆஃப், வால்யூம் முக்கால்னு ஒரு மாசம் ஓட்டுங்க. அப்பறமும் உள்ள ஏதோ எட்டாம இருக்குன்னா ட்ரையல எறக்குங்க, அது ஃப்ரீ. ஹாமர் ஸ்லைடர அதுலயே தொட்டுப் பாக்கலாம். ஒரு தடவ தொறந்தா 20 நிமிஷம்தான் ஓடும், அப்பறம் மூடித் தொறக்கணும், நடுவுல சில கீ வேணும்னே ஊமையா வச்சிருப்பான், உங்க பியானோ ரிப்பேர்னு நெனச்சு சர்வீஸ் ஆள கூப்பிட்டுடாதீங்க, நான் கூப்பிட்டேன். செட்டிங் வேணும்னா கேளுங்க தரேன், நான் சேவ் பண்ண ஃபைல் பேரு "கீழ் வீட்டு ஆன்ட்டி 7".